கம்பத்தில் கட்டிய வெள்ளைச் சைக்கிள்

அன்பு மகள் அன்பரசிக்கு, அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், மனசுதான் சரியில்லை. உன் கை வீக்கம் வற்றியதா, முதலில் அதைச் சொல். போனில் இதையெல்லாம் சொல்ல வரவில்லை, அதனால்தான் கடிதம்.

நீ அமெரிக்காவிலிருந்து அனுப்பிய வீடியோ நம் மலையில் டவர் இல்லாமல் திறக்கவே இல்லை. புளி மூட்டையோடு ஒடுகத்தூர் இறங்கியபோது மண்டி வாசலில்தான் திறந்தது. கம்பத்தில் கட்டிய ஒரு சைக்கிள், சக்கரம் முதல் சீட் வரை வெள்ளை பெயின்ட், மேலே பூ, பக்கத்தில் உன் மஞ்சள் ஹெல்மெட். நீதான் போய்விட்டாய் என்று நினைத்தேன். அப்படியே மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். மண்டிக்காரர் மகன் ரஞ்சித் ஓடிவந்து, "இன்னா மாமா, இன்னா ஆச்சு" என்று போனை வாங்கிப் பார்த்து, "அன்பு நல்லாத்தான் கீது, பேசுது பாருங்க" என்றான். கையில் கட்டோடு நீ பேசினாய். மூச்சு விடுவதற்குள், கார் அடித்துச் செத்தது உன் தோழி டெனிஸ் என்றாய், அவள் விழுந்த இடத்தில்தான் அவள் நினைவாக அந்தச் சைக்கிளை வெள்ளையடித்துக் கட்டினோம் என்றாய்.

ஞாயிறுதோறும் பாட்டு வைத்துக்கொண்டு கும்பலாகச் சைக்கிளில் நகரம் சுற்றும் அந்தக் கறுப்பினப் பிள்ளைகளோடு உன்னைச் சேர்த்துவிட்டவள், பொங்கலன்று எங்களுக்குத் தமிழிலேயே வணக்கம் சொன்னவள். கார் வரும் பக்கம் அவள் போனதால்தான் நீ கையில் அடியோடு தப்பினாயாம். போலீஸ் முதலில் கேட்டது அவள் சைக்கிளில் லைட் இருந்ததா என்றுதானாம், கார்க்காரனை ஒன்றும் கேட்கவில்லையாம். வசதியானவர்கள் தெருவில் சைக்கிளுக்குத் தனிப் பாதை, அந்தப் பிள்ளைகள் தெருவில் ஒரு கோடுகூட இல்லை என்றாய். அவள் போனதை இன்னும் என்னால் நம்ப முடியவில்லை கண்ணு.

அம்மாவிடம் சொன்னதும், "சைக்கிள வித்துட்டு வூட்டுக்கு வரச் சொல்லுங்க" என்று அழுதாள். வீடியோவின் மிச்சத்தைக் காட்டினேன். டெனிஸுக்காகத் தெருவை அடைத்துக்கொண்டு சைக்கிள்கள் மெதுவாக வருகின்றன, எல்லாருக்கும் முன்னால் டெனிஸின் தாய் தானே மிதித்து வருகிறார், கார்கள் பின்னால் காத்து நிற்கின்றன. பார்த்துக்கொண்டே இருந்த அம்மா, "அந்த அம்மா சாப்டாங்களான்னு கேளுங்க" என்றாள். நீ போய்ப் பார்த்து எழுது. ஒருநாள் அவரோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வா.

இனி சைக்கிளைத் தொடாதே என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. தனியாகப் போகாதே, முனையில் திரும்பும் காரை நம்பாதே. காளியம்மன் உனக்கும் அந்த வீட்டுக்கும் துணை நிற்கட்டும். கட்டுப் பிரித்ததும் கையைப் படமெடுத்து அனுப்ப மறக்காதே.

உன் அப்பா,
சந்திரன்