சாட்சி நேரத்தில் சொன்ன பொய்

மேனாம்பேடு,
அம்பத்தூர்.
திங்கட்கிழமை.

அன்புள்ள ஃபெபிக்கு,

அம்மா எழுதுகிறேன். கர்த்தருடைய கிருபையால் எனக்கும் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. நீ சுகமா என்று கேட்கத்தான் கூச்சமாக இருக்கிறது. நேற்று நீ வீடியோ காலில் கூப்பிட்டபோது எடுக்காமல் குளியலறைக்குள் போய் நின்றுகொண்டேன். உன் முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல என்னால் ஆகாது. எழுதித் தருகிறேன், அப்பா படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார்.

அப்பாவுக்கு ஆவடி ஃபேக்டரியில் இன்னும் எட்டு மாத சர்வீஸ்தான். நீ ஒகினாவாவிலிருந்து அனுப்பிய போட்டோவை டீ குடிக்கும்போதெல்லாம் எடுத்துப் பார்க்கிறார். கராத்தே பிறந்த ஊருக்கே போய், அந்தப் பயிற்சிக்கூடத்தில் முட்டிபோட்டுத் தரை துடைக்கிறாயே, அதுதான். இங்கே ஒரு நாளாவது துடைப்பத்தைத் தொட்டாயா என்று எனக்கு வயிற்றெரிச்சல். பக்கத்து வீட்டு வேம்புலியம்மாள் உன் ஸ்டேட்டஸைப் பார்த்துவிட்டு, இன்னாமா ஒதை ஒதைக்குது உன் பொண்ணு, ஷோக்கா கீது போ என்றாள். அவள் நம் சபை இல்லை. அதனால் அவளிடம் மறைக்க ஒன்றுமில்லை.

சபையில் நான் என்ன சொல்லிவைத்தேன் தெரியுமா? நீ கிளம்பின மறு வாரம் சாட்சி நேரத்தில் எழுந்தேன். பயணம் நல்லபடியாக முடிந்ததற்கு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு உட்காரத்தான் நினைத்தேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சபைச் செயலாளர் வீட்டம்மாவும் பார்த்தார்கள். அவ்வளவுதான், ஜப்பானில் பெரிய ஆஸ்பத்திரியில் என் மகளுக்குக் கர்த்தர் நர்ஸ் வேலை கொடுத்திருக்கிறார் என்று வாய் சொல்லிவிட்டது. சபை முழுக்க அல்லேலூயா என்றது. நர்சிங் படித்த பெண்தானே, பாதி உண்மைதானே என்று என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

வெளியே வரும்போது செயலாளர் வீட்டம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, அந்த அடிதடியெல்லாம் விட்டுட்டு உங்க பொண்ணு நல்ல வழிக்கு வந்துட்டாளே சிஸ்டர் என்றார்கள். ஆமாம் சிஸ்டர் என்றேன். இவானைப் பெற்றவளிடம் ஆமாம் என்றேன் ஃபெபி.

இரண்டு வருஷத்துக்கு முன் பாடற்குழு அறையில் நீ அவன் மூக்கை உடைத்தாய். அவன் உன்மேல் கை வைத்தான் என்று வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னாய். எல்லாம் சொன்னாய். நான் கேட்டேன், கேட்கவில்லை என்று நீ நினைத்தாய். எல்லாம் காதில் விழுந்தது. வெளியே தெரிந்தால் உன் பெயர்தான் கெடும் என்று பயந்து, அப்பாவிடம்கூட மூச்சு விடவில்லை. ஒரு கிலோ ஆப்பிள் வாங்கி உன் கையில் கொடுத்து, அவன் வீட்டுக்கு இழுத்துப்போய் மன்னிப்புக் கேட்க வைத்தேன். அதற்குப் பிறகு நீ சபைக்கு வரவே இல்லை. இன்றைக்கும் அவன்தான் கீபோர்டு வாசிக்கிறான்.

இதோடு முடிந்திருந்தால் நான் எழுதவே மாட்டேன், அவ்வளவு கோழை. போன புதன்கிழமை ஷர்மிளா வந்தாள். உன் பக்கத்தில் நின்று பாடுவாளே, அவள்தான். பூந்தமல்லி ஆஸ்பத்திரி நர்ஸ் வேலைக்கு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு ஜப்பான் பாஷை வகுப்பில் சேர்ந்திருக்கிறாளாம். ஃபெபி அக்கா வேலை பார்க்கிற ஆஸ்பத்திரி பேர் சொல்லுங்க ஆன்ட்டி என்று நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அக்காவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

நேற்று சாட்சி நேரத்தில் மறுபடி எழுந்தேன். போன தடவை சொன்னது பொய், என் மகள் ஜப்பானுக்குக் கராத்தே கற்கப் போயிருக்கிறாள், என் பொய்யை நம்பி ஒரு பெண் வேலையை விட்டுவிட்டாள் என்றேன். பாஸ்டரம்மா அவசரமாக ஒரு பாட்டை ஆரம்பித்து என்னை உட்கார வைத்தார்கள். காது மடல் எரிந்தது.

ஷர்மிளா திட்டுவாள் என்று வாசலிலேயே நின்றேன். அவள் திட்டவில்லை. செருப்பு விடுகிற இடத்துக்குக் கூட்டிப்போய்த் தாழ்ந்த குரலில் சொன்னாள். எந்த ஊரா இருந்தாலும் பரவாயில்ல ஆன்ட்டி, இங்கேர்ந்து போனா போதும், அதுக்குத்தான் வேலைய விட்டேன் என்றாள். அக்கா இவானை எதுக்கு அடிச்சாங்கன்னு எனக்குத் தெரியும், எனக்கு அடிக்கத் தெரியல என்றாள்.

நான் அன்றைக்கே வாயைத் திறந்திருந்தால் இந்தப் பிள்ளைக்கு இது நடந்திருக்குமா? அவள் அப்படிக் கேட்கவில்லை. நான்தான் நேற்றிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது ஃபெபி. பொய் சொன்னதற்குக்கூட அல்ல, சும்மா இருந்ததற்கு.

நேற்று மத்தியானம் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டார். செயலாளரும் அவரும் ஃபேக்டரியில் ஒரே ஷாப்பில் வேலை பார்ப்பவர்கள். எட்டு மாசம்தானே, எவன் மூஞ்சியப் பாக்காட்டி என்ன, நீ கமிட்டியில போய்ச் சொல்லு, நானும் வர்றேன் என்றார். சாயங்காலமே ஷர்மிளாவைப் போய்ப் பார்த்தோம், வரும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபைக் கமிட்டி முன்னால் அவளே பேசப் போகிறாள். பக்கத்தில் நிற்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். உனக்கு நடந்ததையும் சொன்னால் அவள் பேச்சை யாரும் தள்ள முடியாது. ஆனால் அது உன் விஷயம். உன்னைக் கேட்காமல் இனி உன்னைப் பற்றி ஒரு வார்த்தையும் நான் பேச மாட்டேன். வேண்டாம் என்றால் ஷர்மிளாவுக்காக மட்டும் நிற்பேன்.

இதற்காகப் பயிற்சியை விட்டுவிட்டு ஓடி வராதே. நேரத்துக்குச் சாப்பிடு. கர்த்தர் உன் கைகளுக்கும் கால்களுக்கும் பலம் தருவாராக.

மன்னித்துவிடு என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அந்த வார்த்தையை அவன் முன்னால் உன் வாயில் திணித்தவள் நான். அதை உன்னிடம் எந்த முகத்தோடு கேட்பேன்? சொல்லட்டுமா என்று மட்டும் கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு வரி பதில் போடு கண்ணு.

இப்படிக்கு,
உன் அம்மா
ஞானகுமாரி