நிதானத்தில் விழுந்த மூன்று அடி

செப்டம்பர் 14, ஞாயிறு, காலை 5.40. குடிக்காத நாள் 211.

வள்ளியூரில் காற்று பலம். காற்றாலைக்கு நல்ல நாள். எனக்கு விடுப்பு. அக்கா கல்யாணமாகி நாலாம் நாள், எங்கள் வீட்டில் மறுவீட்டுக் கறி விருந்து. கல்லிடைக்குறிச்சியிலிருந்து மச்சான், அவர் அண்ணன்மார் மூவர், இன்னும் எட்டுப் பேர். என் வேலை: ஆட்டுக்கறி 8 கிலோ, இலை, தண்ணீர் கேன் 4. பிராந்தி வாங்குவது தாய்மாமா பொறுப்பு.

மாமா நேற்றே சொன்னார்: "பொண்ணு வீட்டு ஆம்பளதான் மொத கிளாஸ் எடுக்கணும்லே. அப்பத்தான் அவங்க கை வைப்பாவ." அப்பா இல்லாத வீடு, அதனால் நான். முடியாது என்றேன். பிப்ரவரியில், முந்தின இரவுப் போதை தெளியாமல் காற்றாலைக் கோபுரம் ஏறினேன். பாதுகாப்புக் கொக்கி மாட்ட மறந்து, எண்பது மீட்டரில் கால் வழுக்கியது. ஒரு கை ஏணியைப் பிடித்துக்கொண்டது. அதுதான் காரணம். வேறு தத்துவம் கிடையாது.

அதே நாள், மாலை 4.15

பந்தியில் மச்சான் கிளாஸை நீட்டினார். "நான் ஊத்துனா எறங்காதோ, மாப்ள?"

"யார் ஊத்துனாலும் எறங்காது மச்சான்."

மாமா காதுக்குள்: "சீக்குக்காரப் பயன்னு நெனைப்பாவலே. ஒரு மடக்குக் குடிச்சித் தொலை."

பிறகு மாமா பின்னாலிருந்து என் இரு கையையும் பிடித்தார். மச்சான் என் மூக்கைப் பொத்தி வாயில் ஊற்றினார். எல்லோரும் கைதட்டினார்கள். "குடிலே! குடிலே!" தொண்டைக்குப் போகுமுன் துப்பினேன். கை விடுபட்டதும் சொம்பு அகப்பட்டது. மச்சான் வாயில் அடித்தேன். ஒன்று போதும். மூன்று அடித்தேன். முன்பல் இரண்டு இலையில், சோறெல்லாம் ரத்தம். மாமா விலாவில் முழங்கை. அக்கா என் முடியைப் பிடித்து இழுத்தாள்: "ஏலே, அவர விடுலே!"

செப். 15, திங்கள், காலை 7.10. நாள் 212.

மேகம். தூக்கம் இல்லை. மச்சானுக்கு உதட்டில் ஆறு தையல். போலீசுக்குப் போகவில்லை. அக்காவை இங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். தாலி கழுத்தில், துணிப்பெட்டி அங்கே. அவளுக்கு என்னோடு பேச்சு இல்லை.

மாமா வந்தார், விலாவைப் பிடித்தபடி. கையில் பிராந்தி கால் பாட்டில்.

"கொப்புளிச்சாவது துப்பு. வாடையோட அவங்க வீட்டுக்கு வா. போதையில அடிச்சிட்டான்னு நான் பேசுதேன். நிதானத்துல அடிச்சவன எந்த வீட்டுலலே மன்னிப்பாவ?"

அம்மா: "ஒரு வாய்தானய்யா. அக்காவுக்காக."

மாமா சொல்வது நிஜம். போன தீபாவளிக்குப் போதையில் அவர் மண்டையை உடைத்தேன். மறுநாள் அவரே எனக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தார். அடித்தது பிராந்தி என்று அவர் நம்பினார். நானும்தான்.

மூடியைத் திறந்தேன். வாயில் எச்சில் ஊறியது. அக்கா அடுக்களையிலிருந்து வந்து நின்றாள்.

"குடிச்சிட்டுப் போ, குடிக்காமப் போ. ஆனா போ."

பாட்டிலை முற்றத்தில் கவிழ்த்தேன். மாமா என் கன்னத்தில் ஒன்று விட்டார். வாங்கிக்கொண்டேன்.

இனி:

1. 9.05 பஸ். திருநெல்வேலியில் மாறிக் கல்லிடைக்குறிச்சி. தனியாக.
2. மச்சானிடம்: நிதானத்தில்தான் அடித்தேன். முதல் அடிக்கு நீங்களும் பொறுப்பு. மற்ற இரண்டும் நான்.
3. அக்காவின் பெட்டியைக் கேட்கக் கூடாது. அவளை அழைத்துப் போக வரச் சொல்ல வேண்டும்.
4. அவர் அண்ணன்மார் அடித்தால் என் கை பின்னால்.
5. சமாதானம் என்று கிளாஸ் நீட்டினால் வாங்கக் கூடாது. அடிக்கவும் கூடாது.