வெந்நீர் அடுப்புக்கு அடியில்

அம்மா,

துணி துவைக்கும்போது உன் பேத்தி கம்மலைத் தொலைத்துவிட்டாள். என் வீட்டுக்காரர் ஆன்லைனில் மெட்டல் டிடெக்டர் ஒன்றை வரவழைத்து, நேற்றுக் காலை நம் வீட்டு முற்றம் முழுக்க அதைத் தூக்கிக்கொண்டு திரிந்தார். இரண்டு ஆணி, ஒரு சோடா மூடி. பிறகு பழைய வெந்நீர் அடுப்பு இருந்த இடத்தில் அது விடாமல் கத்தியது. ஒரு முழம் தோண்டினேன். கரியும் ஈரமும் கலந்த வாடை வந்தது. அதற்கும் கீழே, உரச்சாக்கில் சுருட்டிய ஒரு பொட்டலம்.

உள்ளே அப்பாவின் வாக்கத்தி. மூக்கு வளைந்த அரிவாளுக்கு இந்த மலையில் அதுதானே பேர். கைப்பிடி இற்றுப்போயிருந்தது. அதோடு உன் சடையும் இருந்தது. நைலான் ரிப்பன் கட்டிய முழுச் சடை. 

அந்த ஞாயிற்றுக்கிழமையை நீ மறந்திருக்கமாட்டாய். குழம்பில் உப்பு இல்லை என்று அப்பா சட்டியை உன் முகத்தில் எறிந்தார். "நீங்களே போட்டுக்கங்க" என்றாய். அவ்வளவுதான். சடையைப் பிடித்துத் தரதரவென்று வாசலுக்கு இழுத்து, விறகு பிளக்கும் கட்டையில் உன் தலையை அழுத்தி, வாக்கத்தியை ஓங்கினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். இரும்பு கட்டையில் இறங்கிய சத்தம் கேட்டது. திறந்து பார்த்தால் உன் தலை இருந்தது; சடை தனியே கிடந்தது.

"இன்னிக்கு மயிரு. அடுத்த தடவ கழுத்துடி" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தார். சொன்னதைச் செய்கிற ஆள். நீ என்னையும் அண்ணனையும் கடைக்கு அனுப்பினாய். திரும்பி வந்தபோது கிணற்றடியில் இருந்த வெந்நீர் அடுப்பு வீட்டோரத்துக்கு வந்திருந்தது. மழைக்குத் தோது என்றாய். கை முழுக்க மண்.

மறுநாள் காலை, தோட்டத்துக்கு மரம் கவாத்து செய்யக் கிளம்பியவர் வாக்கத்தியைத் தேடினார். "எவ எடுத்தது? சொல்லலன்னா மூணு பேரையும் பொளந்துருவேன்." முதலில் உன்னை உதைத்தார். பிறகு பெல்ட்டால் என்னை. எனக்குப் பதினொரு வயது. மூன்றாவது அடியில் பாவாடையிலேயே ஒன்றுக்குப் போய்விட்டேன். அப்போதுதான் அண்ணன் குறுக்கே வந்தான்.

"அவள விடுங்க. நாந்தான் எடுத்தேன். ஓடையில எறிஞ்சுட்டேன்."

விறகுக் கட்டையை எடுத்தார். முழங்கையில் ஒரு அடி. அதே இடத்தில் இன்னொன்று. பச்சைக் கிளை முறிவதுபோல ஒரு சத்தம். முறிந்த பிறகும் அடித்தார். அண்ணனின் வாயிலிருந்து வந்த ரத்தம் என் காலில் பட்டது. நீ பத்தடி தள்ளி, இடம் மாறிய அடுப்பின் முன்னால் குந்தி விறகைத் தள்ளிக்கொண்டிருந்தாய். திரும்பவே இல்லை. பயம் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்தேன்.

ஆஸ்பத்திரியில் மரத்திலிருந்து விழுந்தான் என்றாய். அந்தக் கை பிறகு நீளவே இல்லை. அடுத்த வருடம் போடிமெட்டு வழியாகக் கீழே இறங்கிப் போனவன், போடியில் டீக்கடை போட்டு அங்கேயே தங்கிவிட்டான். போன வருடம் உன் கொள்ளிக்குடத்தைத் தோளுக்கு ஏற்ற முடியாமல் தடுமாறினான். என் வீட்டுக்காரர்தான் தாங்கிப் பிடித்தார்.

வாக்கத்தியை எடுத்தது அவன்தான் என்று நம்பியிருந்தேன். "அண்ணங்கிட்ட அதப் பத்திப் பேசாதத்தா, அவன் மனசு நோகும்" என்று நீ சொல்லியிருந்தாய். நானும் பேசவில்லை. நேற்று போன் போட்டேன்.

"நீ எடுக்கலயாண்ணே?"

"நீ எடுத்தேன்னு நெனச்சுதான நான் ஒத்துக்கிட்டேன்" என்றான். "அம்மா சொல்லுச்சு, தங்கச்சி பச்சப்புள்ள, கேட்டு அழ வைக்காதேன்னு."

எங்கே கிடைத்தது என்று சொன்னேன்.  சிரித்தான். "அந்த ஆளு சாகுற வரைக்கும் அந்த அடுப்புத் தண்ணியிலதான குளிச்சாரு!" சிரிப்பு அழுகையாக மாறியது. கடைசியில், "கைதான போச்சு. அம்மா இருந்துச்சுல்ல" என்றான்.

அவன் ஒரே போனில் உன்னை மன்னித்துவிட்டான். என்னால் முடியவில்லை. அப்பா செத்துப் பத்து வருடம் இருந்தாயே, அப்போதாவது சொல்லியிருக்கக் கூடாதா? அன்றைக்குச் சொல்லாததற்கு நான் குறை சொல்லவில்லை. எனக்குத் தெரிந்திருந்தால் இரண்டாவது பெல்ட் அடியிலேயே அடுப்பைக் காட்டியிருப்பேன். அது உனக்கும் தெரிந்திருந்தது. அதுதான் என்னைக் கொல்கிறது. பெற்ற பிள்ளையின் எலும்பு முறிகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு விறகு தள்ள உன்னால் எப்படி முடிந்தது என்று நேற்றிலிருந்து உன்னைத் திட்டிக்கொண்டே இருக்கிறேன். திட்டிக்கொண்டே உன் சடையை அலசிக் காயவைத்து, என் பீரோவில் வைத்திருக்கிறேன்.

வாக்கத்தியை ஒரு தடவை கையில் பிடித்துப் பார்க்கவேண்டும் என்கிறான் அண்ணன். ஞாயிற்றுக்கிழமை ஜீப்பில் போகிறேன். போடிமெட்டு செக்போஸ்ட்டில் பையைத் திறந்து, இது யாருடையது என்று கேட்டால், அப்பா பேரைச் சொல்லமாட்டேன். எங்கம்மாவோடது என்பேன்.