ஆண்டவர் கூறு

சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவிவிட்டேன், கையிலிருந்து வெங்காய வாசனை போகவில்லை. காய்ந்த தோலும் பழைய கீற்றும் மண்ணும் கலந்த, வெங்காயத்தைக் குவித்து மூடிவைக்கிற பட்டறையின் வாசனை. இந்தத் தாளிலும் ஒட்டிக்கொண்டிருக்கும். வருஷத்தில் பாதி நாள் உன் சேலையில் இருந்த வாசனைதான். ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குக் கிளம்பும்போது எவ்வளவு பவுடர் பூசினாலும் அது போகாது. "பக்கத்துல ஒக்கார்ற டீச்சரம்மா பாட்டுப் பாடுறப்ப மூக்கைத் தொடைக்கிறாங்க" என்று நீயே சொல்லிச் சிரிப்பாய். இப்போது அந்த வாசனையில் எனக்குக் கண் கலங்குகிறது. அழுகிறாயா என்று கேட்காதே. வெங்காயம் என்றால் எல்லாருக்கும் கண்ணில் தண்ணீர் வரும்.

நான் உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. 'இந்தா' என்றால் நீ திரும்பிப் பார்ப்பாய், 'என்னங்க' என்றால் நான். கடிதத்திலும் அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும். இந்தா, உன்னிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

முதலில் நல்ல சேதி. நம் பட்டறையில் அழுகல் இல்லை. இந்த வருஷம் வெங்காயம் பிடுங்கிப் பட்டறை போட்ட கையோடு மழை பிடித்துக்கொண்டது. பூலாம்பாடியிலிருந்து இந்தப் பக்கம் ஒருவர் பட்டறையும் தப்பவில்லை. கையை உள்ளே விட்டால் சூடாக இருந்தது, அடியில் தண்ணீர் விட்டிருந்தது. விதைக்கென்று வைத்திருந்த வெங்காயத்தைச் சனங்கள் வண்டி வண்டியாகக் குழியில் கொட்டினார்கள். பாறை மேட்டில்தான் பட்டறை போட வேண்டும் என்று நீ அடம்பிடித்தாயே, அதனால் நம்முடையது நின்றது. "அவ்வளவு ஒசரத்துக்கு யாருடி தூக்குறது?" என்று நான் அன்று தொண்டை கிழியக் கத்தினேன். சரி, நீ ஜெயித்தாய், வைத்துக்கொள்.

பட்டறையைப் பிரிக்கிற நாளில் உன் வேலை எப்படித் தொடங்கும் என்பது எனக்கு மனப்பாடம். வியாபாரி வருவதற்கு முன்னால், நம் விதையை எடுப்பதற்கும் முன்னால், சாக்கை விரித்து உட்கார்ந்துவிடுவாய். கழுத்து காய்ந்து, தோல் இறுகி, அழுத்தினால் கல்லாட்டம் இருக்கிற வெங்காயமாகப் பொறுக்கி ஒரு பக்கம் குவிப்பாய். 'ஆண்டவர் கூறு' என்று அதற்குப் பெயர் வைத்திருந்தாய். அதில் ஒரு கூடை அறுப்பின் பண்டிகைக்குப் பெரம்பலூருக்குப் போகும். மற்றதெல்லாம் விதையில்லாமல் நிற்கிறவர்களுக்கு. ஒருமுறை நான் பக்கத்தில் உட்கார்ந்து பொடியும் இரட்டையுமாக அந்தக் குவியலில் தள்ளிவிட்டேன். நீ ஒவ்வொன்றாக எடுத்து என் மடியில் திருப்பிப் போட்டாய்.

"ஆண்டவருக்குக் கழிசலையா குடுப்பீங்க?"

"ஆண்டவரா வெங்காயம் நடப்போறாரு? அந்தச் செல்விதான நடப்போறா."

"ரெண்டும் ஒண்ணுதாங்க" என்றாய், தலையைக்கூட நிமிர்த்தாமல்.

அந்தக் கூடை கோவிலில் ஏலத்துக்கு வந்த கதையை மறந்திருக்க மாட்டாய். பூசணிக்காயையும் சேவலையும் போட்டி போட்டு எடுத்த சபையார், நம் வெங்காயம் வந்ததும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு வந்ததே ஆத்திரம்! நீ பொறுக்கியது அடிமாட்டு விலைக்குப் போவதா என்று நானே கையைத் தூக்கி, நானே விலையை ஏற்றி, நம் வெங்காயத்தை நாமே ஏலத்தில் எடுத்து வந்தோம். பஸ்ஸில் வீடு வரும்வரை நீ முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாய். கண்டக்டர் என்னைத்தான் ஒரு மாதிரிப் பார்த்தார்.

செல்வியின் புருஷன் செத்த வருஷம் அவளுக்கு விதை கொடுத்தாயே, அதைத்தான் இப்போது அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். இனாம் என்று நீ சொல்லவே இல்லை. "எங்க பட்டறையில எடம் பத்தல செல்வி. ரெண்டு மூட்டையை ஒங் காட்டுல நட்டு வையேன், எனக்கு ஒத்தாசையா இருக்கும்" என்று கெஞ்சினாய். என்னவோ அவள்தான் உனக்கு உதவி செய்கிற மாதிரி. அவள் நிமிர்ந்து நின்று மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனாள். அதோடும் விடவில்லை நீ. அடுத்த அறுவடையில் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, விதை பொறுக்கக் கைபழக்கினாய். அவள் திருப்பிக் கொடுக்கக் கொண்டுவந்த மூட்டையை வாசலிலேயே மறித்து, "எனக்கு எதுக்கு? ஒன்னாட்டம் இன்னொருத்தி நிப்பா, அவளைப் பாரு" என்று அனுப்பிவிட்டாய்.

எனக்குப் பொறுக்கவில்லை. நம் கோவிலுக்கு ஒருநாளும் வராதவர்களுக்கு எதற்கு ஆண்டவர் கூறு என்று கேட்டேன். "கோவிலுக்கு வர்றவங்க காட்டுல மட்டுமா மழை பெய்யுது?" என்று கேட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாய். பிரசங்கம் பண்ணினால் பதில் பேசலாம். நீ அப்படிக் கேட்டுவிட்டுப் போனால் நான் யாரிடம் பேசுவது?

நீ போன பிறகு வந்த முதல் நடவு இது. மகன் உன் ஞாபகமாகக் கோவிலுக்கு ஒரு மின்விசிறி வாங்கிக் கொடுத்தான். மூன்று இறக்கையிலும் உன் பெயர். சுற்ற ஆரம்பித்தால் ஓர் எழுத்தும் தெரியாது, ஆனால் காற்று நன்றாக வருகிறது. நல்ல பிள்ளைதான், குறை சொல்லவில்லை. ரெட்டிபாளையத்தில் சிமெண்ட் தூசிக்கு நடுவில் ஷிப்ட் பார்த்துக்கொண்டு, வாரம் தவறாமல் எனக்குப் போன் போடுகிறான். போன வாரமும் போட்டான்.

"அப்பா, வெதை வெங்காயத்துக்கு இப்ப இருக்கிற வெல எந்த வருஷமும் இருந்ததில்ல. யாவாரி வாசலுக்கே வர்றான். மொத்தமா குடுத்துட்டு வூட்டுக்கு ஓடு மாத்திடலாம். அம்மாவே போயிட்டாங்க. இனிமே யாருப்பா நம்மகிட்ட வந்து கேக்கப் போறாங்க?"

கடைசியாகச் சொன்னது நெஞ்சில் குத்தியது. அவன் சொன்னது நிஜம் என்பதால்தான் அப்படிக் குத்தியது. வழக்கமாக நடவுக்கு முன்னால் மோர் கேட்கிற சாக்கில், தீப்பெட்டி கேட்கிற சாக்கில் பின்வாசலுக்கு யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். இந்த வருஷம் ஊரே விதையில்லாமல் தவிக்கிறது, நம் வாசலில் ஈ காக்கை இல்லை. டீக்கடைக்குப் போனேன். நான் வந்ததைக் கவனிக்காமல் ஒருத்தி சொல்லிக்கொண்டிருந்தாள்: "அக்காவோட அது போச்சு. அந்தச் சிடுமூஞ்சி மாமாகிட்ட யாரு போயி வாயக் குடுக்கிறது?"

டீயைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன். என்னைச் சிடுமூஞ்சி என்றதற்காக இல்லை, அது ஊரறிந்த விஷயம். 'அக்காவோட அது போச்சு' என்றாளே, அதைத் தாங்க முடியவில்லை. உன்னைக் குழிக்குள் இறக்கியபோதுகூட நீ எங்கேயோ பக்கத்தில் இருப்பதாகத்தான் பட்டது. டீக்கடையில் உட்கார்ந்திருந்த அந்த நேரத்தில்தான் நீ நிஜமாகவே செத்துப்போனாய். அப்படி விட்டுவிட எனக்கு மனசு இல்லை.

மறுநாள் காலையில் சாக்கை விரித்து உட்கார்ந்தேன். வியாபாரி வந்து நின்றான், கொஞ்சம் பொறு என்றேன். முதலில் ஆண்டவர் கூறு, பிறகு நம் விதை, மிச்சம்தான் அவனுக்கு. "பெரியவரே, நல்லதையெல்லாம் ஒதுக்கிட்டீங்களே" என்று புலம்பிக்கொண்டே ஏற்றிப்போனான். உன்னைப் போல ஜெபம் பண்ண எனக்கு வராது. அந்தக் குவியலுக்கு முன்னால் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "ஆண்டவரே, இது அவ கூறு. இல்ல, ஒங்க கூறு. பாத்துக்குங்க" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

ஒரு மூட்டையை மொபெட்டில் வைத்துக் கட்டிக்கொண்டு முதலில் தங்கராசு வீட்டுக்குப் போனேன். கிணற்றுத் தண்ணீர் முறையில் எனக்கும் அவனுக்கும் ஆகாது என்பது உனக்குத் தெரியும். உனக்கு அவனிடமும் ஆகும், அதனால்தான் அங்கே போனேன். அவன் கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை.

"என்ன வெல சொல்றீங்க?"

"வெலயெல்லாம் இல்ல. சும்மாதான்."

மூட்டையை மேலும் கீழும் பார்த்தான். எழுந்து வந்து, கட்டின வாயை நெகிழ்த்தி உள்ளே கையை விட்டு மோந்து பார்த்தான். "அழுகினதா?" என்றான்.

எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறிவிட்டது. ஒரு வார்த்தை பேசாமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். நீ எத்தனை வருஷம் எத்தனை பேருக்குக் கொடுத்தாய், ஒருத்தராவது உன்னிடம் அப்படிக் கேட்டிருப்பார்களா? கொடுப்பது இத்தனை கஷ்டமான வேலை என்று நீ எனக்குச் சொல்லவே இல்லையே.

பிறகு செல்வியின் காட்டுக்குப் போனேன். அவள் வரப்பில் சும்மா உட்கார்ந்திருந்தாள். இந்த முறை புத்தியாக நடந்துகொள்ள நினைத்து, உன் வார்த்தையையே எடுத்துவிட்டேன். "எங்க பட்டறையில எடம் பத்தல செல்வி..."

அவள் எழுந்து என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "பாதிப் பட்டறை காலியாக் கெடக்குது மாமா. இங்கேருந்தே தெரியுது."

அவள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். "வேணாங்க மாமா. அக்கா குடுத்தாங்க, கூச்சமில்லாம வாங்கினேன். ஒங்ககிட்ட எப்படிங்க வாங்குறது? இந்த வருஷம் காட்டைச் சும்மா போட்டுட்டு எங்கயாவது கூலிக்குப் போலாம்னு இருக்கேன்."

காட்டைச் சும்மா போடுகிறாளாம்! நீ பக்கத்தில் உட்காரவைத்துக் கைபழக்கியவளின் காடு அது. பதமாகப் பேச நினைத்ததெல்லாம் எங்கே போனதோ, என் சொந்த வாய் திறந்துகொண்டது.

"அறிவு கெட்டவளே! பட்டறை போட ஒனக்குப் பள்ளந்தான் கெடச்சுதா? எத்தன நாளு ஒங்கக்கா ஒன்னைக் குந்தவச்சுச் சொல்லிக் குடுத்தா! காதை எங்க அடகு வச்சிருந்த? காட்டைச் சும்மா போடுறாளாம், கூலிக்குப் போறாளாம்! போயிடுவியா நீ? போயித்தான் பாரேன்! நாளைக்கு அவ மூஞ்சியில நான் எப்படிடி முழிப்பேன்? வாயப் பாத்துக்கிட்டு நிக்காம வண்டியில இருக்கிறத எறக்கு!"

பக்கத்துக் காட்டில் களை எடுத்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். செல்வி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அழுதுவிட்டாள்.

"அக்கா சொல்லுவாங்க மாமா, 'எங்க வூட்டுக்காரரு திட்டினா பயப்படாத செல்வி, அது பேசாம இருந்தாத்தான் பயப்படணும்'னு" என்றாள். மூட்டையைத் தானே இறக்கித் தானே தோளில் வைத்துக்கொண்டாள்.

அடிப்பாவி, என் முதுகுக்குப் பின்னால் இதையெல்லாம் வேறு சொல்லி வைத்திருக்கிறாயா! வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. சாயந்தரத்துக்குள் செல்வி சொல்லி இன்னும் சிலர் வந்தார்கள். ஒவ்வொருவரையும் அவரவருக்குத் தக்கபடி வாய்க்கு வந்ததைச் சொல்லித்தான் அனுப்பினேன். ஒருத்தரும் கோபித்துக்கொள்ளவில்லை. ஆண்டவர் கூறு அன்றைக்கே தீர்ந்தது.

உன் பதமான பேச்சு எனக்கு இந்த ஜென்மத்தில் வராது. உன் ஜெபமும் வராது. ஆனால் எதை முதலில் பொறுக்க வேண்டும், யாருக்கு என்று பொறுக்க வேண்டும் என்பது என் கைக்கு வந்துவிட்டது. மின்விசிறி ஓடினாலும் நின்றாலும் இனி எனக்குக் கவலை இல்லை. நான் இருக்கிறவரை நீ இந்த ஊரில் இருப்பாய். எனக்குப் பின்னால் செல்வி இருக்கிறாள், அவள் கையும் உன் கைதான்.

இன்று காலையில் பின்வாசலில் குரல் கேட்டது. செல்வி நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் தங்கராசு, காலிச் சாக்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நம் முருங்கை மரத்தை இதுவரை பார்த்தே இராதவன் போலப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இவங்களையும் ரெண்டு திட்டுத் திட்டி விடுங்க மாமா" என்றாள் செல்வி.

பட்டறையைப் பார்த்தேன். நமக்கென்று எடுத்து வைத்திருந்த விதை மட்டும்தான் இருந்தது. மகன் சொன்னது காதில் கேட்டது. பாதிக் காட்டில் மக்காச்சோளம் போட்டுக்கொண்டால் சமாளித்துவிடலாம் என்று மனசுக்குள் ஒரு கணக்கு ஓடியது. தங்கராசு இன்னும் முருங்கை மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மரத்துல என்னய்யா பாக்குற, வெதை அங்கயா காய்க்குது?" என்று ஆரம்பித்தேன். தண்ணீர் முறையில் தொடங்கி, அவன் கட்டிலை விட்டு எழுந்திருக்காதது, மூட்டையை மோந்து பார்த்தது எல்லாவற்றையும் வரிசையாக எடுத்தேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு சாக்கின் வாயை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தான். நான் திட்டத் திட்டச் சாக்கு நிறைந்தது.