மூன்று முறை பிரித்த சட்டை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கவேண்டும். எனக்குக் கால் வீக்கம்தான் வற்றவில்லை, மற்றபடி நடமாடுகிறேன். அப்பாவின் கடைசி நாட்களைப் பற்றிப் போனில் கேட்டாய், பக்கத்தில் ஆள் இருந்ததால் வாய் திறக்கவில்லை, இப்போது சொல்கிறேன்.

கடைசி ஒரு மாதம் அவருக்கு என் முகமே மறந்துவிட்டது, கை மட்டும் தொழிலை மறக்கவில்லை, போர்வை ஓரத்தை மடித்து மடித்துத் தைத்துக்கொண்டே கிடந்தார். உன் பெரியப்பா செய்ததும் அவருக்கு மறந்துபோயிற்று, எனக்கு மறக்குமா? உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு பெரியப்பாவின் தையல் கடைக்குச் சோறு கொண்டுபோயிருந்தேன், அத்தனை பேர் முன்னால் அப்பா தைத்த சட்டையை மூன்று தடவை பிரிக்கவைத்து, "காலர் வைக்கத் தெரியாத கைக்கு மெஷின் எதுக்குடா, எந்திரிடா" என்று துரத்தினாரே. அந்த மனுஷனைப் போய் இவர் "அண்ணா வந்தாச்சா, அண்ணா வந்தாச்சா" என்று நாளெல்லாம் தேடினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெரியப்பா இரண்டு தடவை வாசல்வரை வந்தார், தூங்குகிறார் என்று கதவைச் சாத்திவிட்டேன்.

அப்பா போன அன்று காலையில் மறுபடி வந்து நின்றார், அன்றைக்கு எப்படித் தடுப்பது. உடம்பு வற்றிப்போனதில் அப்பாவுக்குக் கடைசியாகப் போட்டுவிட எந்தச் சட்டையும் சரியாக இல்லை. நீங்கதான் பெரிய டெய்லராச்சே, ரெண்டு பக்கமும் பிடிச்சுத் தைச்சுக் குடுங்க என்று ஊசியை நீட்டினேன். தரையில் உட்கார்ந்தார். கண் தெரியாமல் நூல் கோக்கத் தடுமாறினார், நான் கோத்துக் கொடுக்கவில்லை. தைத்துக் காட்டினார், கோணல் என்றேன், பிரித்தார். மறுபடியும் கோணல் என்றேன், பிரித்தார். மூன்றாவது தடவை நான் வாயைத் திறக்கும் முன்பே அவராகவே பிரித்தார். ஆக, அவருக்கும் மறக்கவில்லை. முதல் தடவையே நன்றாகத்தான் தைத்திருந்தார்.

நாலாவது தடவை தைத்த சட்டையை அப்பாவுக்குப் போட்டுவிட்டு, "தம்பி என்னைக் கேட்டானாம்மா" என்றார். ஒரு வார்த்தைகூட இல்லை என்றேன்.

பேத்தியை ஈரத்தலையோடு வெளியே விடாதே. நீயும் வேளைக்குச் சாப்பிடு. மூன்று பேரும் நூறு வயது வாழவேண்டும். பெரியப்பா உனக்கும் போன் செய்து அதையே கேட்பார். இல்லை என்றே சொல், மனசு வராவிட்டால் போனை எடுக்காதே. நான் போன பிறகு உன் இஷ்டம்.

உன்னைப் பெற்றவள்