கண்ணாடிக்கு உள்ளே

அன்புள்ள தம்பிக்கு,

உன் பாப்பாவுக்கு அனுப்புன கரடி பொம்மையோட வயித்துல என் கோணத் தையலப் பாத்தா, நீ பிரிச்சிப் பாப்பேன்னு நம்பித்தான் இத உள்ள வைக்கிறேன். என் போன் உடைஞ்சிருச்சுன்னு உன் மச்சான் சொன்னாராம்ல. அப்படியே இருக்கட்டும்.

ஞாபகம் இருக்கா? சம்பளம் போட்டதும் அப்பா நம்மள பூண்டுலோயா டவுனுக்குக் கூட்டிட்டு வருவாரு. நான் இந்த வெளையாட்டுச் சாமான் கடைக் கண்ணாடியில மூக்க ஒட்டிக்கிட்டு நகர மாட்டேன். "இங்கேயே விட்டுட்டுப் போகவா?"ன்னு மெரட்டுவாரு. "சரி, போங்க"ம்பேன். இந்தக் கடை முதலாளி வீட்டுலேருந்து என்னைப் பொண்ணு கேட்டு வந்தப்ப, அதச் சொல்லித்தான எல்லாரும் சிரிச்சாங்க?

இப்ப கண்ணாடிக்கு உள்ள நிக்கிறேன். சாவி குடுத்தா ஓடுற கொரங்காவது வாசல் வரைக்கும் போகுது. நான் தோட்டத்துல நம்ம லயத்து வீட்டுக்குப் போயி ரெண்டு தீவாளி ஆச்சு. கடையில ஆள் இல்லைங்கிறாங்க.

நேத்து அம்மா ரோட்டுல போனாங்க. கைய ஆட்டுனேன். இத்தன பொம்மைக்கு நடுவுல நான் அவங்க கண்ணுக்குத் தெரியல.

அப்பெல்லாம் நீதான், "அக்கா வா, பஸ் போயிரும்"னு அழுதுகிட்டே என் கையப் பிடிச்சு இழுப்ப. ஒரு தடவ வந்து இழுடா. இந்த வாட்டி அடம் பிடிக்க மாட்டேன்.

உன் அக்கா