அப்பா சொல்லாத வசனம்

திண்டிவனம்,
ஜூலை 2

அன்புத் தம்பி பிரேம்குமாருக்கு,

அமலா அக்கா ஆசீர்வாதத்தோட எழுதுறது. இங்க எல்லாரும் சௌக்கியம். திருப்பூர்ல நீயும் காயத்ரியும் நல்லா இருக்கீங்களா? போன்ல அப்பா பேச்சை எடுத்தாலே கட் பண்ணிடுற. அதான் கடிதம். இதை எப்படிக் கட் பண்ணுவ, பாக்கறேன்.

நல்ல மழை, கொல்லையில மல்லாட்டை விதைச்சாச்சு. அம்மாவுக்கு முட்டிவலி தேவலை.

நம்ம கோயில்ல பேதுரு திருவிழா முடிஞ்சுது. வழக்கம்போல நாடகம். இந்த வருஷம் பேதுரு யாரு தெரியுமா? நம்ம அப்பா! தாடி இருக்கு, கோபம் இருக்கு, வேறென்ன வேணும்னு உபதேசியார் ஆனந்தராஜ் பிடிச்சுப் போட்டுட்டார். ஒத்திகையில, இயேசுவைப் பிடிக்க வந்த வேலைக்காரன் காதை பேதுரு வெட்டுற கட்டத்துல அட்டைக் கத்தியை நிஜமாவே ஓங்கிட்டார். வேலைக்காரனா நடிச்ச பார்த்திபன் மாமாவுக்குக் காது வீங்கிப்போச்சு.

ஆனா இயேசுவையே தெரியாதுன்னு பேதுரு மூணு தடவை மறுதலிக்கிற கட்டம் வந்ததும் ஒரே முரண்டு. நம்ம பாதுகாவலர் திருவிழாவுலயே அவர் குத்தத்தைக் காட்டணுமா, எடுத்துடுங்கன்னு சண்டை. நாலு சுவிசேஷத்துலயும் எழுதியிருக்கு, தலைவராச்சேன்னு எழுதினவங்களே மறைக்கல, நான் யாரு மறைக்கன்னுட்டார் உபதேசியார். அப்பா ஏன் முரண்டு பிடிச்சார்னு எனக்குத் தெரியாதா? நீ காயத்ரியை ரிஜிஸ்டர் கல்யாணம் பண்ணிக்கினதுலேர்ந்து, யார் விசாரிச்சாலும் எனக்குப் பையனே இல்லைன்னுதானே சொல்லிக்கினு இருந்தார். அது உன் காதுக்கு வந்து, நீயும் வாசப்படி மிதிக்க மாட்டேன்னுட்ட.

நாடகத்தன்னிக்கு நல்ல கூட்டம். அப்பா நெருப்புகிட்ட உக்காந்து குளிர்காயறார். வேலைக்காரிப் பொண்ணா நடிச்ச சங்கவி வந்து, நீயும் அவரோட இருந்தவன்தானேன்னு கேட்டா. அவரை எனக்குத் தெரியாதுன்னு இவர் சொல்லணும். வாயே திறக்கல. மறந்துட்டார்னு நெனச்சு அவ மறுபடியும் கேட்டா. திரைக்குப் பின்னாடி உபதேசியார் வசனம் எடுத்துக் குடுக்கறது மைக்குல எங்களுக்கே கேக்குது. மூணாவது தடவை கேட்டதும் அப்பா கையெடுத்துக் கும்பிட்டு, தெரியும்மா, அவன் என் புள்ளைதான்னு சொல்லிட்டு ஓன்னு அழுதுட்டார்.

இயேசுவைப் போய் பேதுரு என் புள்ளைன்னா சனம் என்னடா பண்ணும்! பின்னாடி ஒரே விசில். பேதுரு மறுதலிச்சதும் சேவல் மாதிரி கூவவேண்டியவர் கூவறதா வேணாமான்னு முழிக்கறார். ஃபாதர் அங்கியால வாயைப் பொத்திக்கினார். நானும் அம்மாவும் சிரிச்சுக்கினே அழுதோம்.

அன்னியிலேர்ந்து கூட்டேரிப்பட்டுல அவர் பஞ்சர் கடைக்கு யார் வந்தாலும், எம் பையன் திருப்பூர்ல இருக்கான்னு தானாவே ஆரம்பிச்சிடறார். பஞ்சர் ஒட்ட வந்த லாரிக்காரர் அதுக்கு என்ன பண்ணுவார்? உனக்குப் போன் போடுங்கப்பான்னா மட்டும் கூச்சம். திட்டுவானான்னு என்னையே கேக்கறார்.

தம்பி, உயிர்த்தெழுந்த பிறகு ஆண்டவர் கரையில மீன் சுட்டு வெச்சுக்கினு, வாங்க சாப்பிடலாம்னுதான் கூப்பிட்டார். என்னை ஏன் தெரியாதுன்னு சொன்னன்னு பேதுருவை ஒரு வார்த்தை கேக்கல. ஞாயித்துக்கிழமை காயத்ரியைக் கூட்டிக்கினு ஜல்தியா வா. ஆண்டவர் உங்க ரெண்டு பேரையும் நல்லா வெச்சிருக்கட்டும். நீயும் அப்பாவை ஒண்ணும் கேக்காதடா. பக்கத்துல சாப்பிட உக்காரு, போதும்.

இப்படிக்கு,
உன் அக்கா அமலா